பெயர் தெரியாத பாதி

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்திருந்த கன்றுக்குட்டியின் ரத்தம் கணினித் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. ஹாஃபிஸா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள்.

விருதுநகருக்கு வெளியே இருந்த அந்தக் கால்நடை ஆய்வகத்தில் அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான். அதற்கு முன்னால் நாலு வருடம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில், இதே மாதிரி இயந்திரத்தில் வேலை பார்த்தாள். அங்கே மனித ரத்தம், இங்கே மாட்டு ரத்தம். வேலை ஒன்றுதானே என்று நினைத்துத்தான் சொந்த ஊருக்கு வந்தாள்.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களில் நோயோடு சண்டை போடுகிறவை பல வகை. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு வகையும் தன் மேற்பரப்பில் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்திருக்கும். அந்த அடையாளத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை ஒளிரும் சாயத்தோடு கலந்து ரத்தத்தில் விடுவாள். பிறகு இயந்திரம் அணுக்களை ஒற்றை வரிசையில் லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓட்டும். பச்சையாக மின்னினால் சிடி ஃபோர், உதவி அணு. சிவப்பாக மின்னினால் சிடி எய்ட், கொல்லும் அணு. மூன்றாவது சாயத்தில் மின்னினால் பி அணு. இந்த மூன்றும்தான் அவள் வழக்கமாகப் போடுகிற சாயங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கன்றின் தாய்ப்பசுவுடைய ரத்தம் வந்திருந்தது. கழுத்திலும் தொடை மடிப்பிலும் கொய்யாக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக வீங்கியிருந்த மாடு. பத்து அணுவில் எட்டு, பி அணு. ஆய்வகத் தலைவர் டாக்டர் லட்சுமிகாந்தம் அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "வைரஸால மாட்டுக்கு வர்ற ரத்தப் புற்று. இதுக்கு வைத்தியம் கிடையாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாலாம் நாள் மாடு செத்துப்போனது.

இப்போது கன்று. உதவி அணு பதினெட்டு சதவீதம், கொல்லும் அணு பதினொன்று, பி அணு பதினாறு. எல்லாம் சேர்த்தால் நாற்பத்தைந்து. மீதி ஐம்பத்தைந்து எந்தச் சாயமும் ஒட்டாமல், திரையின் இடது கீழ் மூலையில் ஈ மொய்த்த மாதிரி அப்பிக்கிடந்தது.

அந்த மூலையை ஹாஃபிஸாவுக்கு நன்றாகத் தெரியும். மதுரையில் ஒரு கல்லூரிப் பெண்ணின் ரத்தத்தில், இருக்க வேண்டிய அடையாளம் எதுவும் இல்லாத அணுக்கள் இப்படித்தான் குவிந்து நின்றன. வளர்ந்து முடியாமலே பெருகுகிற அணுக்கள். அந்தப் பெண் தீபாவளியைத் தாண்டவில்லை.

லட்சுமிகாந்தம் மகளின் வளைகாப்புக்காகச் சென்னை போயிருந்தார். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. 'காலையில் பேசுகிறேன்' என்று பதில் மட்டும் வந்தது. இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம் என்று மீதி ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மாட்டுக்காரப் பெண், பாண்டிலட்சுமி. முப்பது வயதிருக்கும். பட்டாசுக் கம்பெனி வேலைக்கு வேனில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வேனின் இரைச்சலும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"மேடம், கன்னுக்கு எதுவும் தெரிஞ்சுதா? கம்பெனிக்குள்ள ஃபோன் ஆகாது, கேட்டுல வாங்கி வச்சிருவாக. அதான் இப்பமே கேட்டுருவோம்னு..."

சாரிடம் கேட்காமல் ஒன்றும் சொல்லக்கூடாது. ஹாஃபிஸாவுக்கு அது தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் இருந்த அவசரம் அவளை இழுத்துவிட்டது. இப்போதே தெரிந்தால் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளட்டும் என்றுகூடத் தோன்றியது.

"சார் இன்னும் பாக்கலக்கா. ஆனா நல்லா இல்ல. தாய்க்கு வந்ததுதான் கன்னுக்கும் வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

பாண்டிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மாட்டுப் பாலத்தான் எம் பிள்ளை குடிச்சா, மேடம். கறந்த சூட்டோட குடுப்பேன், சத்துன்னு. அது மனுசருக்கு வருமா?"

"இல்லக்கா. மனுசருக்கு வர்றதில்லன்னுதான் சொல்றாங்க."

"சொல்றாகளா? நீங்க என்ன சொல்லுதீக?" மூச்சு வாங்கியது. "எம் பிள்ளைக்குக் கழுத்துல கட்டி வந்திருக்கு. பின் கழுத்துல, ரெண்டு பக்கமும். மாட்டுக்கு இருந்த மாதிரியே. நாலு நாளா இருக்கு."

ஹாஃபிஸா வாயைத் திறப்பதற்குள் வேனுக்குள் ஒரு பெண் குரல், "ஏ பாண்டி, கேட்டு வந்துருச்சு, ஃபோனைக் குடு" என்றது. தொடர்பு அறுந்தது. திருப்பி அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். 'சொல்றாங்க' என்ற வார்த்தையை ஏன் சொன்னோம் என்று நினைத்து நினைத்து மருகினாள்.

ஒன்பது மணிக்கு லட்சுமிகாந்தம் அழைத்தார். அவள் எண்களை ஒப்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"கன்னுக்கு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு வாரம் சார்."

"டபிள்யூ சி ஒன் போட்டியா?"

அவள் போடவில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் அவர் சொன்னதுதான். அன்றைக்குப் புதிதாகக் கேட்ட நூறு விஷயங்களோடு அதுவும் போய்விட்டிருந்தது.

"ஹாஃபிஸா, நீ மனுசக் கணக்குல பாத்திருக்க. மாட்டுல இன்னொரு வகை டி அணு உண்டு. நம்ம ரத்தத்துல அது நூத்துக்கு அஞ்சுகூட இருக்காது. பெரிய மாட்டுலயும் கொஞ்சந்தான். ஆனா பிறந்த கன்னுல பாதி அதுதான். அதுக்குன்னு இருக்கற அடையாளம் டபிள்யூ சி ஒன். சாயம் போடலைன்னா பெயரில்லாத கூட்டமாத்தான் நிக்கும். குளிர்பெட்டியில கீழ்த் தட்டுல நீல மூடி போட்ட குப்பி. போட்டுப் பாத்துட்டுக் கூப்பிடு. அதுவரைக்கும் யார்ட்டயும் எதுவும் சொல்லிடாத."

"சரி சார்" என்றாள். சொல்லிவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை.

நீல மூடிக் குப்பியிலிருந்து சொட்டு எடுத்து, ரத்தத்தில் கலந்து, ஐஸில் இருட்டில் வைத்து, கழுவி, இயந்திரத்தில் ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் உட்காரவே இல்லை.

திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. நேற்று மூலையில் அப்பிக்கிடந்த கூட்டம் அந்த இடத்தைவிட்டு அப்படியே எழுந்து வலது பக்கம் போய் நின்றது. ஐம்பத்தைந்தில் ஐம்பது, டபிள்யூ சி ஒன். மிச்சம் ஐந்து, எல்லா ரத்தத்திலும் கிடக்கிற உதிரி. ஆரோக்கியமான கன்று. பி அணுவும் கூடுதலாக இல்லை.

பார்த்த கணத்தில் வந்த நிம்மதி அடுத்த மூச்சில் போய்விட்டது. காலையில் தான் சொன்னது இந்நேரம் எங்கெங்கே போயிருக்கும்?

பாண்டிலட்சுமியின் ஃபோன் அணைந்தே இருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பிய கால்நடை மருத்துவர் காளீஸ்வரனை அழைத்தாள்.

"அந்த வீடா?" என்றார் அவர். "பாண்டிலட்சுமியோட மாமனார் கண்ணுச்சாமி பத்து மணிக்கே கூப்பிட்டாரு. கன்னுக்கு ஊசி போட்டு முடிச்சிருங்கன்னு. குழி வெட்டியாச்சாம். நான் தடுப்பூசி முகாம்ல இருக்கேன், சாயங்காலம் வந்து பாக்கேன்னேன். பருத்திக்கு வாங்குன பூச்சிமருந்து வீட்டுல இருக்கு, நானே பாத்துக்கிறேன்னு வச்சுட்டாரு. நீங்க கூப்பிடுங்க, நம்பர் தாரேன்."

கண்ணுச்சாமியின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. எட்டு முறை. ஹாஃபிஸா புதிய எண்களை லட்சுமிகாந்தத்துக்குச் செய்தியாக அனுப்பினாள். இயந்திரம் வரைந்த படத்தை ஒரு தாளில் அச்செடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு சாலைக்கு ஓடினாள்.

சாத்தூரில் இறங்கி மினி பஸ் மாறினாள். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கரிசலும், அதன் நடுவே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பட்டாசுக் கம்பெனியின் சின்னச் சின்ன அறைகளும் போய்க்கொண்டிருந்தன. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கண்ணுச்சாமி வீட்டுக் கன்னுக்கும் அந்தச் சீக்குதானாம். வேன்ல வச்சே மெட்ராஸ்காரி யாரோ ஃபோன்ல சொன்னாளாம்."

"பிள்ளைக்கும் கட்டி வந்துருச்சாம்லா? அந்த மாடு சாகுற வரைக்கும் எங்க வீட்டுலயும் அங்கதானே பால் வாங்குனோம்." அந்தப் பெண் பேசிக்கொண்டே தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஹாஃபிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்த மெட்ராஸ்காரி தான்தான் என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 'பாலில் ஒன்றுமில்லை' என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காளீஸ்வரன் அடையாளம் சொல்லியிருந்த பாண்டிலட்சுமியின் கம்பெனி வழியிலேயே இருந்தது. இறங்கிக் கேட்டருகே ஓடினாள். காவலாளி சங்கிலிமுத்து, உள்ளே விட முடியாது என்று கையை நீட்டி மறித்தார்.

"பாண்டிலட்சுமியா? அது ஒம்பதரைக்கே அரை நாள் லீவு சொல்லிட்டுப் போயிருச்சே. அழுதுக்கிட்டுல்லா போச்சு. ஃபோனைக்கூட வாங்காமப் போயிருச்சு, பாருங்க." மேசை மேல் தட்டு நிறையக் கிடந்த ஃபோன்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "வீட்டுக்கா? இந்தப் பாதையிலயே போங்க, ஒரு கிலோமீட்டரு. வேப்பமரமும் தகரக் கொட்டகையும் தெரியும்."

மத்தியான வெயிலில் செருப்பு தார் ரோட்டில் ஒட்ட ஒட்ட நடந்தாள். பாதி ஓட்டம், பாதி நடை. தகரக் கொட்டகை தூரத்தில் தெரிந்ததும் காது கூர்ந்தது. கன்று கத்துகிற சத்தம் எதுவும் இல்லை.

வேப்பமரத்தடியில் புதிதாக வெட்டிய குழி இருந்தது. மண் இன்னும் ஈரம் காயவில்லை. குழி ஓரத்தில் கண்ணுச்சாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது தாண்டிய மனிதர். பக்கத்தில் பூச்சிமருந்து டப்பாவும், கன்றுக்குப் பால் புகட்டுகிற மூங்கில் குழாயும். இரண்டு அடி தள்ளி முளையில் ஒரு செவலைக் கன்று, கயிற்றை மென்றுகொண்டு.

"அய்யா, வேண்டாம்! குடுத்துறாதீங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு தாயி நீங்க?"

"ரத்தம் பாத்த லேப்லேருந்து வாரேன். கன்னுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கண்ணுச்சாமி எழுந்திருக்கவில்லை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இதுல எதை நம்பச் சொல்லுதீக? மெசினு தப்பாச் சொல்லுமா?"

"மெசின் ஒண்ணும் சொல்லல அய்யா. நான்தான் சொன்னேன். கன்னு ரத்தத்துல பாதி அணுவுக்கு எனக்குப் பெயர் தெரியல. தெரியாததைச் சீக்குன்னு நினைச்சுட்டேன். இன்னைக்கு அதுக்குரிய மருந்தைப் போட்டுப் பாத்தோம். அது கன்னுக்குட்டிக்கு இயல்பா இருக்க வேண்டியது. அது இல்லாட்டித்தான் பயப்படணும்."

தாளை விரித்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்தார்.

"இந்தக் கன்னு போனா அடுத்த வருசம் இன்னொரு கன்னு புடிச்சுக்கிடுவேன் தாயி. உள்ள ஒரு பிள்ளை படுத்திருக்கா. எம் மகன் பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்கான். வந்து கேட்டான்னா நான் என்ன பதில் சொல்ல? உங்களுக்குத் தப்புன்னா ஒரு தாளு. எங்களுக்கு?" குரல் உடைந்தது. டப்பா திறந்திருந்தும் மூங்கில் குழாய் இன்னும் காய்ந்தே கிடப்பதை அப்போதுதான் ஹாஃபிஸா கவனித்தாள். காலையிலிருந்து அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் புரிந்தது.

"உங்களுக்கு அம்புட்டு நிச்சயம்னா அதைத் தொடுவீகளா?"

ஹாஃபிஸா முளையருகே மண்டியிட்டாள். கன்றின் தாடைக்கடியில், தோள்பட்டைக்கு முன்னால், தொடை மடிப்பில் என்று ஒவ்வோர் இடமாகத் தடவினாள். எங்கேயும் கட்டி இல்லை. அது அவள் விரல்களை வாய்க்குள் இழுத்துக்கொண்டு உறிஞ்சத் தொடங்கியது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். சற்று நேரம் கழித்து டப்பாவின் மூடி திருகி மூடப்படுகிற சத்தம் கேட்டது.

வாசலில் பாண்டிலட்சுமி நின்றிருந்தாள். வேலைக்குப் போன அதே பருத்திச் சேலை. இடுப்பில் ஆறு வயது மகள் கனிஷ்கா, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

"கன்னை விடுங்க" என்றாள். "எம் பிள்ளை ரத்தத்தை எடுத்துட்டுப் போயி உங்க மெசின்ல பாருங்க. இப்பமே எடுங்க."

"அக்கா, எங்கிட்ட இருக்கறது மாட்டு அணுவுல ஒட்டுற மருந்து. மனுச ரத்தத்துல அது ஒட்டாது. பாத்தா ஒண்ணுமே தெரியாது."

"அப்பம் இவளை யாரு பாப்பா?"

ஹாஃபிஸா துண்டை விலக்கினாள். பின் கழுத்தில், முடி முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் கொண்டைக்கடலை அளவில் மூன்று நான்கு கட்டிகள். பிள்ளையின் உடம்பு லேசாகச் சுட்டது. அவளுக்கு மறுபடியும் மதுரைப் பெண்ணின் முகம் வந்தது. இந்த முறை வாயை இறுக்கிக்கொண்டாள்.

"நான் டாக்டர் இல்லக்கா. எனக்குத் தெரியாது. சாத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்."

கண்ணுச்சாமி தெருவில் போன ஓர் ஆட்டோவை நிறுத்தினார். போகிற வழியெல்லாம் பாண்டிலட்சுமி மகளின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். "அம்மா, மூச்சு முட்டுது" என்று கனிஷ்கா சொன்னபோதுதான் பிடியைத் தளர்த்தினாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பாண்டிலட்சுமி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் உள்ளே போனார்கள். குழந்தைகள் மருத்துவர் நடுவயதுப் பெண். பாண்டிலட்சுமி மாட்டுக் கதையை முழுதாகச் சொன்னாள். செத்த மாடு, பால், கன்று, ஃபோன் எல்லாம். மருத்துவர் கேட்டுக்கொண்டே கட்டிகளை அழுத்திப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரட்டைச் சடையை அவிழ்த்துத் தலைமுடியை விலக்கினார்.

"இங்க வந்து பாரும்மா."

உச்சியிலிருந்து பிடரி வரை சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் கோத்திருந்தது. நடுவே ஈரும் பேனும்.

"தலைப்புண்ணுக்கு நெறி கட்டியிருக்கு. அதுதான் இந்தக் காய்ச்சலும். மாட்டுச் சீக்கு மாட்டோட. பாலை மட்டும் இனிமே காய்ச்சிக் குடு, அது வேற காரணத்துக்கு. எதுக்கும் ரத்தம் எண்ணிப் பாத்துருவோம்."

ஒரு மணி நேரத்தில் அந்த எண்ணிக்கையும் வந்தது. புண்ணுக்குத் தக்கபடி சற்று கூடுதல், அவ்வளவுதான். மருத்துவர் மாத்திரையும் தலைக்குப் போட மருந்தும் எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் பாண்டிலட்சுமி மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுச்சாமி பேத்தியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். ஹாஃபிஸா அருகில் போய் நின்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

பாண்டிலட்சுமி நிமிரவில்லை. "பிள்ளை தலைய நாலு நாளா நான் விரிச்சுப் பாக்கல. சீசன் வேலை, இழுத்துக் கட்டிவிட்டு ஓடிருவேன். அது என் தப்பு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க இம்புட்டு தூரம் ஓடி வந்தீக. வராம ஒரு ஃபோனோட விட்டிருக்கலாம். அதுவும் சரிதான். ஆனா மேடம், வேன்ல கூட வந்தவுக எல்லாரும் வேலை இடத்துல என்னைவிட்டுத் தள்ளி உக்காந்தாக. அதை நான் எப்படி மறக்க?"

ஹாஃபிஸா அவளருகே படியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் லட்சுமிகாந்தத்திடம் ஃபோனில் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, பால் வாங்கிய வீடுகள் எத்தனை என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை ஊர் திரும்பியவர், காளீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போனார். பால் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் ஹாஃபிஸாவை முன்னால் விட்டுப் பேசவைத்தார். முதல் வீட்டில் மினி பஸ்ஸில் கழுத்தைத் தடவிக்கொண்ட பெண்ணே நின்றிருந்தாள். "மெட்ராஸ்காரி இல்ல, விருதுநகர்க்காரி. தப்பாச் சொன்னது நான்தான்" என்று ஹாஃபிஸா ஆரம்பித்தாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கனிஷ்காவின் கட்டிகள் இரண்டு வாரத்தில் வடிந்துவிட்டன. தாயிடமிருந்து வைரஸ் மட்டும் கன்றுக்குள் மறைந்து வந்திருக்கலாம் என்பதால், ஆறு மாதம் கழித்து இன்னொரு சோதனை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதமும் கண்ணுச்சாமி கன்றைத் தனியாகவே கட்டினார், தனி வாளியில் தண்ணீர் வைத்தார்.

இரண்டாவது சோதனைக்கு ரத்தம் எடுக்க ஹாஃபிஸா நேரில் போனாள். கன்று நன்றாக வளர்ந்து முரண்டு பிடித்தது. கண்ணுச்சாமி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாண்டிலட்சுமி அன்று வேலைக்குப் போகவில்லை.

"எப்பம் தெரியும்?" என்றாள்.

"மூணு நாள். நானும் பாத்து, சாரும் பாத்த பிறகு."

மூன்றாம் நாள் லட்சுமிகாந்தம் கையெழுத்துப் போட்ட தாளை எதிரே வைத்துக்கொண்டு ஹாஃபிஸா ஃபோனை எடுத்தாள். வைரஸ் இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனாலும் மூன்று முறை படித்தாள், கன்றின் அடையாள எண்ணைச் சரிபார்த்தாள். மணி சாயங்காலம் ஐந்தே முக்கால், கம்பெனி விட்டிருக்கும். முதல் மணியிலேயே பாண்டிலட்சுமி எடுத்தாள். பின்னால் வேனின் இரைச்சல் கேட்டது.

"அக்கா, வேன்ல இருக்கீகளா?" என்றாள் ஹாஃபிஸா.

"ஆமா."

"அப்படின்னா ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."